பெயர் அடிக்கப்படவில்லை

நான் ஓய்வு பெற்ற கல்லூரி அலுவலகத்துக்கு இந்த ஜூன் மாதம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். மாணவர் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. என்னிடம் வேலை பழகிய பெண்தான் இப்போது அங்கே கண்காணிப்பாளர். படைவீரர் பிள்ளைகளுக்கான விண்ணப்பம் கணினிக்கு மாறிவிட்டது என்று திரையைத் திருப்பிக் காட்டினார். தந்தையின் நிலை என்று ஒரு கட்டம். பணியில் உள்ளவர், ஓய்வு பெற்றவர், மறைந்தவர். மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, ஏதும் தப்பாக இருக்கிறதா என்று கேட்டார். தப்பில்லை, ஆனால் இந்த மூன்றில் எது என்று சொல்ல முடியாத ஒரு மனிதருக்காக நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த இளைய ஊழியர்கள் இரண்டு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்று அரைகுறையாகச் சொன்னதை முழுதாக எழுதித் தரும்படி கேட்டதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் காதர் மைதீன். கல்லூரி வேலைக்கு வருமுன் ஒன்பது வருஷம் காரைக்குடியில் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் தட்டச்சராக இருந்தேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பினாங்குக்கு வந்து கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அத்தா எழுதினார். அம்மா விடவில்லை. டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர், சுருக்கெழுத்தில் பாதி. என் தகுதி அவ்வளவுதான். அறுபத்தேழு தேர்தலில் ஜெயித்து வந்தவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. இன்ஸ்டிடியூட்காரர் என்னை அனுப்பிவைத்தார்.

அவரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வோம். மானகிரிப் பக்கம் நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். சட்டம் படித்தவர், ஆனால் கோர்ட்டுக்குப் போனதில்லை. எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். செவ்வாயும் சனியும் காலை ஏழு மணியிலிருந்து அவர் வீட்டு முன்னறையில் மனு வாங்குவார். வருகிறவர் சொல்வதைக் கேட்டு நான் தட்டச்சு செய்ய வேண்டும். செய்ததை அந்த மனுதாரருக்கே தமிழில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். அவர் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ. படிக்காமல் வாங்கிய கையெழுத்து ஐயாவிடம் செல்லாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சிபாரிசுக் கடிதத்தில், "இவர் எனக்கு நன்கு தெரிந்தவர்" என்று வழக்கமான வரியைப் போட்டிருந்தேன். ஐயா பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"காதரு, இவர உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

குரலை உயர்த்தவே இல்லை. என்னைச் சைக்கிளில் அந்த ஊருக்கு அனுப்பினார். போய் விசாரித்து வந்து, "விசாரித்தேன், இவர் சொல்வது உண்மை" என்று எழுதினோம். அந்த ஒன்பது வருஷமும் அவர் கடிதங்களில் இருந்தது அந்த ஒரு வரிதான். அதனாலேயே அவர் கடிதத்துக்கு அலுவலகங்களில் மதிப்பு இருந்தது. சட்டசபை நடக்கும் நாட்களில் சென்னைக்குப் போகும்போது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. அவசரம் என்று வருகிறவர்களிடம் நான்தான் திட்டு வாங்குவேன்.

பட்டாளத்துக்காரர்கள் விஷயத்தில் அவருக்குத் தனி அக்கறை. அவர் வீட்டில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவுல வாரான். பொண்டாட்டி பிள்ளையப் பாப்பானா, ஆபீஸ் ஆபீஸாப் போயி நிப்பானா?" என்றார். வேறு காரணம் எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முன்னாள் படைவீரர்களுக்குக் கூட்டம் வைப்பார். மாலை, மேடை எதுவும் இருக்காது. ஐந்தாறு பெஞ்சும் என் டைப்ரைட்டரும் மட்டும்தான். கல்லூரி முதல்வரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளைகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, என்ன காகிதம் வேண்டும் என்று அவர்களே நேரில் கேட்டுக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் மாணிக்கம் என்ற முன்னாள் படைவீரர் எழுந்து, பிள்ளைக்கு அல்ல, எனக்கே படிக்க இடம் வேண்டும் என்று கேட்டார். சீனச் சண்டையின்போது பனியில் வலது கை விரல்கள் மூன்றை இழந்தவர். வயது இருபத்தொன்பது. பதினேழு வயதுப் பிள்ளைகளோடு எப்படி உட்காருவீர்கள் என்று முதல்வர் தயங்கினார். ஐயா குறுக்கே பேசவில்லை. மாணிக்கம் ஒரு தாளை வாங்கி இடது கையால் தன் பெயரையும் ஊரையும் எழுதி நீட்டினார். எழுத்து என் தட்டச்சை விட அழகாக இருந்தது. அவருக்கு இடம் கிடைத்தது. பின்னால் தேவகோட்டைப் பக்கம் வாத்தியாராகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். அவர் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அந்த வகுப்பில் சத்தமே இல்லை என்று முதல்வர் ஐயாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் பாகிஸ்தானோடு நடந்த யுத்தத்தில் நேமத்தான்பட்டிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஹவில்தார் ஆண்டியப்பன் காணாமல் போனார். மேற்கு எல்லையில் ஓர் இரவு பாலம் போடப் போன கூட்டத்தில் அவரும் இருந்தார். மற்றவர்கள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீட்டுக்குக் காணவில்லை என்று தந்தி வந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் மனைவி வெள்ளையம்மாள் ஐயாவிடம் வந்து கேட்டுக்கொண்டபடி நாங்கள் மூன்று கடிதம் எழுதினோம். மூன்றுக்கும் விசாரணை நடக்கிறது என்றே பதில் வந்தது.

மறு வருஷம் கோடையில் அவர்கள் மகள் கற்பகம் பதினொன்றாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கித் தேறினாள். கல்லூரியில் பி.யு.சி. சேர, படைவீரர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு விண்ணப்பம் போட்டோம். இடமும் கிடைத்தது. ஆனால் படைவீரர் போர்டு தரும் சான்றிதழை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கல்லூரியிலிருந்து அட்டை வந்தது. வீட்டில் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஆண்டியப்பனின் அண்ணன், இடம் கிடைக்காவிட்டால் ஆவணியிலேயே கற்பகத்துக்குக் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசி வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தம்பி குடும்பத்தையும் சேர்த்துச் சுமந்தவர், ஒரு பொறுப்பாவது குறையட்டும் என்று நினைத்திருப்பார்.

அன்றைக்கு எங்கள் மாவட்டத்துக்குப் பெயர் ராமநாதபுரம். கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ மதுரையில். எது வேண்டுமானாலும் மதுரைக்குத்தான் போக வேண்டும். ஐயா சென்னையில் இருந்ததால் திங்கட்கிழமை நான் மட்டும் போனேன். படைவீரர் போர்டில் இருந்த எழுத்தர் கோப்பைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பணியில் இருந்தால் படைப்பிரிவு அதிகாரியின் கடிதம் வேண்டும். ஓய்வு பெற்றிருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகம் வேண்டும். இறந்திருந்தால் இறப்புச் சான்று வேண்டும். காணவில்லை என்றால் எதில் சேர்ப்பது என்று என்னையே கேட்டார். பிறகு அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். கணவர் போரில் இறந்துவிட்டதாக மனைவி ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், அதை வைத்து மேலே எழுதி, வீரமரணம் அடைந்தவர் பிள்ளை என்று முன்னுரிமையே வாங்கிவிடலாம் என்றார்.

எனக்கு அது நல்ல வழியாகவே பட்டது. உண்மையைச் சொன்னால், அவர் இறந்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறு மாதம் ஆகியிருந்தது. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நகல் எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலையில் முத்திரைத் தாளில் பிழையில்லாமல் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளையம்மாளும் கற்பகமும் அவள் பெரியப்பாவும் இருந்தார்கள். வழக்கப்படி படித்துக் காட்டினேன். "என் கணவர் போர்க்களத்தில் உயிரிழந்துவிட்டார் என்று முழுமனதுடன் நம்புகிறேன்" என்ற வரி வந்ததும் அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த எடத்த இன்னொரு தரம் படிங்கண்ணே."

படித்தேன்.

"நம்புறேன்னு எழுதியிருக்கீக. நான் நம்பலையே."

இதெல்லாம் சட்டத்துக்காக எழுதுகிற பாஷை, மனதில் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம் என்றேன். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்றேன். மகளின் படிப்பை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்ற எண்ணம் இருக்கும்போது எவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. பெரியப்பாவும் போடச் சொன்னார்.  கற்பகத்துக்குப் படிக்க ஆசை என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்ட பெறகு அப்பா வந்துட்டா என்ன பண்றது?"

வந்தால் ரத்து செய்துகொள்ளலாம் என்றேன். அப்படிச் செய்ய முடியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் சொன்னேன்.

வெள்ளையம்மாள் பேனாவை வாங்கினார். கை தாளுக்கு மேலே நின்றது.  பிறகு அவர் பேனாவைத் தாளின் மேலேயே வைத்துவிட்டு, "ஐயா வந்ததும் அவுகளக் கேட்டுட்டுப் போடுறேன். கோவிச்சுக்காதீக" என்றார். வெயிலில் சைக்கிளை மிதித்துத் திரும்பும்போது எனக்கு அவர் மேல் கோபமாகவே இருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பிடிவாதத்தால் கெடுக்கிறாரே என்று நினைத்தேன்.

புதன்கிழமை விடிந்ததும் ஐயா ரயிலில் வந்து இறங்கினார். குளித்துவிட்டு வந்து தாளை வாங்கி நின்றபடியே படித்தார்.

"முழுமனதுடன்னு யாரு சொன்னா?"

"நான் போட்டதுய்யா."

"அந்தப் பொம்பள கேட்டது என்ன?"

"மகளுக்குக் காலேஜுல எடம்."

"அதுக்கு இவரு சாகணுமா?"

ஐயா தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, நீயே கிழித்துவிடு என்றார். கிழித்தேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பத்து நிமிஷத்தில் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் மதுரை பஸ் ஏறினோம்.

படைவீரர் போர்டின் செயலாளர் ஓய்வு பெற்ற மேஜர். முதுகு நாற்காலியில் படாமல் உட்காருவார். திங்கட்கிழமை நான் அவரைப் பார்க்கவில்லை. எழுத்தரோடு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் என் தவறுதான். ஐயா குடும்பக் கதை எதுவும் சொல்லவில்லை, சலுகையும் கேட்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, சான்றிதழ் பற்றிய பக்கத்தை மேஜரையே படிக்க வைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"ஒரு கேள்விதான், மேஜர். பட்டாளத்துல இவரு பேர அடிச்சுட்டாகளா, இல்லையா?"

மேஜர் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஆள்கணக்கிலிருந்து பெயரை அடித்ததாகத் தாள் எதுவும் வரவில்லை என்றார்.

"அடிக்கலைன்னா இவரு யாரு?"

மேஜர் கோப்பை மூடினார். "சோல்ஜர்தான்" என்றார். ஆனால் தான் நினைப்பது போதாது, பெங்களூரில் உள்ள ரிக்கார்டு ஆபீஸ் எழுத்தில் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த நிமிஷமே சான்றிதழ் தருகிறேன் என்றார்.

நான் தந்திக்கு வாசகம் எழுதினேன். யுத்தம், குடும்பம், கல்லூரி, கெடு என்று எட்டு வரி வந்துவிட்டது. ஐயா எல்லாவற்றையும் அடித்தார். படை எண், பெயர், பெயர் நீக்கப்பட்டதா, ஆம் அல்லது இல்லை. அவ்வளவுதான் மிஞ்சியது. நிறையக் கேட்டால் நாலு மேஜைக்குப் போகும், ஒன்று கேட்டால் ஒருவரே பதில் எழுதிவிடுவார் என்றார். மேஜர் தன் கையெழுத்தோடு அதைப் பதில் கட்டணம் கட்டிய தந்தியாக அனுப்பினார். என்னை மதுரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஐயா ஊர் திரும்பினார்.

அங்கே இருந்த என் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு வியாழக்கிழமை முழுக்க அந்த அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் இரண்டு தடவை வந்து போனார். திங்கட்கிழமை வழி சொன்ன எழுத்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் சொன்னதற்குத் தலையாட்டியது நான்தானே. பதில் இறந்துவிட்டார் என்று வந்தால் அதை எப்படி அந்த வீட்டில் போய்ப் படிப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி இடம் அன்று எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். தந்தி வந்தது. மேஜர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். இங்கிலீஷில் இரண்டே வரி. பெயர் அடிக்கப்படவில்லை, காணவில்லை என்ற நிலையில் படைப்பிரிவின் ஆள்கணக்கில் தொடர்கிறார் என்று அர்த்தம்.  மேஜர் தட்டச்சு செய்யும் வேலையை என்னிடமே விட்டார். அவர்களுடைய இயந்திரத்தில், தந்தையின் நிலை என்ற இடத்தில், பணியில் உள்ளவர் என்று அடித்தேன். ஓர் எழுத்து அழுந்தாமல் போய், திரும்ப ஒருமுறை அதன் மேலேயே அடிக்க வேண்டி வந்தது.

அன்று ஜும்ஆ தொழுகைக்குப் போக முடியவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, மேலூர், திருப்பத்தூர் எல்லாம் தாண்டி, கல்லூரி வாசலில் இறங்கியபோது மூன்றரை மணி. முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் வெள்ளையம்மாளும் கற்பகமும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். ஐயா சொல்லி அனுப்பியிருந்தார். நேராக உள்ளே போய்க் கொடுத்தேன். முதல்வர் படித்தார், கையெழுத்துப் போட்டார், அட்மிஷன் ரிஜிஸ்தரில் கற்பகத்தின் பெயர் ஏறியது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும், இடம் கிடைத்ததா என்று வெள்ளையம்மாள் கேட்கவில்லை. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். சான்றிதழின் நகலைத் தமிழில் படித்துக் காட்டினேன். பணியில் உள்ளவர் என்ற இடத்தில் அவரே என்னை நிறுத்தி, அந்த இரண்டு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தந்தி வந்த மார்கழியிலிருந்து அம்மா அழுது தான் பார்த்ததில்லை என்று கற்பகம் பின்னால் சொன்னாள்.

கல்யாணப் பேச்சு நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியப்பாவே போய் மூன்று வருஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த வருஷக் கடைசியில் இரு நாடுகளும் கைதிகளைப் பரிமாறிக்கொண்டபோது எல்லை தாண்டி வந்தவர்களில் ஹவில்தார் ஆண்டியப்பனும் ஒருவர். தலையில் அடிபட்ட நிலையில் பிடிபட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கைதிகள் பட்டியலில் அவர் பெயரும் எண்ணும் எங்கோ தவறாக ஏறிவிட்டன. அதனால் அந்தப் பெயரை இவரோடு யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. அவர் திரும்பிவிட்டதாக வந்த தந்தியை வெள்ளையம்மாள் எடுத்துக்கொண்டு மனு நாள் இல்லாத ஒரு நாளில் ஓடி வந்தார். ஐயாதான் படித்துக் காட்டினார். மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை, அவராகவே படித்தார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆண்டியப்பன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல உயரமான மனிதர், ரொம்பவும் இளைத்திருந்தார், ஒரு காது சரியாகக் கேட்காது. ஐயா அன்று பிள்ளையார்பட்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை இருக்கிறேன் என்று என் எதிரே உட்கார்ந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த உறுதிமொழியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நான்தான் தட்டச்சு செய்தேன், நான்தான் கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தினேன், நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல என்னண்ணே இருக்கு? அங்க படுத்திருந்தப்ப, வீட்டுல எனக்குக் காரியம் பண்ணி முடிச்சிருப்பாகன்னுதான் நானும் நெனச்சேன்" என்றார். பிறகு, "வந்து எறங்குன அன்னைக்கு, காலேஜுல எப்புடிம்மா எடம் குடுத்தாகன்னு மகளக் கேட்டேன். அப்பா வேலையில இருக்காருன்னு எழுதிக் குடுத்துச் சேந்தேன்னு சொன்னா" என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வாசலில் மனுவோடு இரண்டு பேர் நின்றார்கள். அரை மணி நேரம் கழித்து வரும்படி அவர்களிடம் சொல்லிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷத்தில் மனு கொண்டுவந்தவர்களை நான் காக்க வைத்தது அந்த ஒரு நாள்தான்.